வாடைக் காலத்தில் எழுத்துப் பணி

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டினை ஆறு பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், மழையைத் தொடர்ந்து பனியை வைத்தனர். அவ்வடைவின் உண்மை நாவலூர் போன்ற கடல்சார் ஊரினர்க்கு நன்கு விளங்கும். ஐப்பசி கார்த்திகை மழையால் சுவரும் தரையும் ஈரமேறி நிற்க, மார்கழியும் தையும் அவ்வீரத்தின்மேற் பனியைப் பொழிகின்றன. இரவில் 20 பாகை சென்டிகிரேடு அளவிற்கு இறங்கும் இதனைக் குளிரென்றால் ஆங்கில நாட்டார் நகைப்பர். ஆயினும் சித்திரை வெயிலிற் பழகிய உடம்புக்கு இதுவே போதிய நடுக்கந் தரும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதவெனக் கட்டிச் சென்ற ஏடுகள் வெற்றேடுகளாகவே கல்லூரிக்கு மீள்வதனை யாம் பலரிடத்துங் கண்டிருக்கின்றோம்.

எழுதுவோரைக் குளிர் முதற்கண் விரலிலேயே பற்றும். உடலானது நெஞ்சு முதலிய உள்ளுறுப்புக்களின் வெம்மையைக் காத்தற்பொருட்டுக் கைகால்களிலுள்ள குருதிக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கின்றது, விரல் விறைக்கின்றது. ஆதலின் விரலை மாத்திரம் போர்த்துதல் பெரும்பயன் தாராது. மார்பையுங் கழுத்தையும் பாதத்தையும் மூடின், குருதி தானே விரலை நாடி வரும். வெறுந்தரையில் அமர்தலும் ஆகாது. ஈரத்தரை வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். கோரைப்பாயின்மேல் மடித்த சமுக்காளம் ஒன்று போதும். அசையாதிருப்பார்க்குத் தசைகள் மிகுதியாக வெப்பம் பிறப்பியா. பக்கத்திற்கொருமுறை எழுந்து உலாவுதல் நலம். சுக்குக் காப்பியின் பெருமையை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, குளிரில் தமிழர் வாழ்ந்த வாற்றை நக்கீரனாரது நெடுநல்வாடை 188 அடிகளிற் காட்டுகின்றது. அதில், குளிரால் இசை திரிந்த யாழ் நரம்பினை மகளிர் தம் உடல் வெம்மையிற் படுத்திப் பண்ணுக்கு இசைவிக்கின்றனர். வாத்தியமே அங்ஙனம் வேண்டி நிற்குமாயின், எழுதுங் கை எம்மாத்திரம்! முதியோரும் இளையோரும் வாயகன்ற தடவில் நெருப்பிட்டுக் குளிர் காய்தலும் ஆண்டுக் கூறப்பட்டுளது. அதனை மட்டும் நாம் பின்பற்றலாகாது. பழைய மாமல்லபுரச் சாலையின் இருமருங்கும் இன்று எழுந்துள்ள அடுக்ககங்களில், சாளரமடைத்த அறையிற் கரிநெருப்பு வைப்பின், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு பரவித் துயில்வாரைக் கொன்றுவிடும்.

நிற்க. கம்பளியால் உடல் வெதும்பலாம். உள்ளம் எதனால் வெதும்பும்? அந்நூலிலேயே, நள்ளிரவின் தூறலிலும் வாடையிலும், புண்பட்ட வீரரைக் காணப் பாசறையிற் றிரியும் வேந்தன் ஒருவனைக் காண்கின்றோம். அவனுக்குப் போர்வையினும் கடமையே கனப்பாயிற்று.

நமக்கு அணிமைக் காலத்தவர் ஜி. யு. போப் ஐயர். மிஷனெரியாக இந்நாடு வந்து தமிழ் கற்ற அப்பெரியார், ஆக்ஸ்போர்டு நகரின் கடுங்குளிரில், முதுமையில் இருந்துகொண்டு 1886-இல் திருக்குறளையும் 1893-இல் நாலடியாரையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசகத்தை முடிக்கும்வரை உயிரோடிருப்பேனோ என அவர் ஐயுற்றபோது, பாலியால் கல்லூரித் தலைவரான ஜோவெட் என்பார், கையில் பெரும்பணி ஒன்றிருத்தலே நெடிது வாழும் வழியாகும், அது முடியுமளவும் நீர் இருப்பீர் என்று தேற்றினராம். ஜோவெட் 1893-இல் மறைந்தார். திருவாசக மொழிபெயர்ப்பு 1900-ஆம் ஆண்டு, போப்பையரின் எண்பதாம் பிறந்தநாளில் முற்றுப்பெற்றது. அதன்பின்னும் எட்டாண்டு அளவு அவர் வாழ்ந்தனர்.

ஊக்கம் வந்தபின் எழுதுவோம் என்பார்க்கு ஊக்கம் எளிதில் வருவதில்லை. எழுதத் தொடங்கியபின் வருவதே பெரும்பான்மை. ஆதலின் நாளைக்கு ஒரு பக்கமென அளவு வைத்துக்கொள்ளலாம். இரவில் நிறுத்துங்கால், அடுத்து எழுதவேண்டுவது இன்னதென அறிந்த வாக்கியமொன்றைப் பாதியில் விட்டு உறங்கலாம். வைகறையில் ஏரிமீது மூடுபனி படர்ந்திருப்பினும், அப்பாதியை முடித்தற்பொருட்டேனும் கை எழுதுகோலை நாடும்.