எழுத்துக்கு எழுத்து – 9: சிவப்புக் கோடு விழாத பிழைகள்

தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வந்திருந்த சித்தப்பா, நாளிதழில் 'பத்து காவான்' என்ற ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு, "மீதி ஒன்பது காவான் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். மலாயில் பத்து என்றால் கல், காவான் என்றால் நண்பன் என்று விளக்கினேன். எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் படித்த சொல்தான் வேறு.

அதே வாரம் அக்காள் மகள் மடிக்கணினியோடு வந்து நின்றாள். பத்து காவான் தொழிற்பேட்டையில் ஒரு வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதியிருந்தாள். "செக் பண்ணிட்டேன் மாமா. என் பேருக்குக் கீழ மட்டும்தான் சிவப்புக் கோடு வருது. மத்ததெல்லாம் சரி."

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் 'மேனேஜர்' என்ற சொல்லில் நடுவில் வரவேண்டிய 'ஏ' விட்டுப்போயிருந்தது. அது இல்லாவிட்டால் அச்சொல்லுக்கு மாட்டுத் தீவனத் தொட்டி என்று பொருள். அடுத்து, சான்றிதழ்களை ஒரு கோப்பில் இணைத்திருப்பதாகச் சொல்ல வந்தவள் எஃப்-ஏ-ஐ-எல் என்று எழுதியிருந்தாள். மலாயில் அது கோப்பு. ஆங்கிலத்தில் அது தோல்வி. வேலை கேட்டுப் போகும் கடிதத்தில்!

இரண்டும் ஆங்கில அகராதியில் உள்ள சொற்கள். அதனால்தான் கோடு விழவில்லை. 1995-இல் மைக்ரோசாஃப்ட் வேர்டில் வந்த அந்தச் சிவப்பு நெளிகோடு அடிப்படையில் கேட்பது ஒரே கேள்விதான்: இப்படி ஒரு சொல் உண்டா? நீ சொல்ல வந்தது இதுதானா என்று அது கேட்பதில்லை. புதிய மென்பொருள்கள் சொல்லின் இடத்தையும் பார்க்கின்றன. அப்படியும் நழுவுபவை உண்டு.

ஐபிஎம் நிறுவனத்தின் ஃபிரெட் டேமராவ் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துப்பிழைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் நான்கே வகை என்று கண்டார்: ஓர் எழுத்து விடுபடுவது, ஓர் எழுத்து கூடுவது, ஓர் எழுத்து மாறுவது, பக்கத்து எழுத்துகள் இரண்டு இடம் மாறுவது. 'ஃபிரம்' என்பதில் இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் 'ஃபார்ம்'. இதற்கும் கோடு விழாது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1972-இல் இந்தோனேசியாவோடு சேர்ந்து சீரமைக்கப்பட்ட மலாய் எழுத்துமுறை, பெரும்பாலும் ஒலிக்கிறபடியே எழுதுவது. டாக்சிக்கு டி-இ-கே-எஸ்-ஐ, ரசீதுக்கு ஆர்-இ-எஸ்-ஐ-டி. இவற்றை ஆங்கிலத்தில் எழுதினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பைக்கு மலாயில் பி-இ-ஜி. ஆங்கிலத்தில் அது பிச்சை கேட்பது. மருத்துவமனை வார்டுக்கு டபிள்யூ-ஏ-டி. ஆங்கிலத்தில் அது பணக்கட்டு. படகுக்கு பி-ஓ-டி, அது கணினி நிரல். இவை வேறு மொழியில் பழகிய கை செய்யும் பிழைகள். பிள்ளையின் சோம்பலால் வருபவை அல்ல. இதற்காக யாரும் பிள்ளைகளைத் தலையில் குட்டக்கூடாது.

ஆங்கிலத்திடம் ஒலியைக் கேட்காமல் காரணத்தைக் கேட்டால் மனதில் நிற்கும். 'ரிசீட்' என்ற சொல்லில் ஒலிக்காத 'பி' ஏன்? அதன் இலத்தீன் வேரில் 'பி' இருந்தது. அதை நினைத்துப் பின்னாளில் செருகினார்கள். 'செபரேட்' என்பதன் நடுவில் 'ஏ' வருவது 'பராரே' என்ற இலத்தீன் வேரால். 'டெஃபினிட்' என்பதற்குள் 'ஃபைனைட்' முழுதாக இருக்கிறது. அங்கே 'ஏ'க்கு இடமில்லை. 'அக்கமடேஷன்' என்றால் தங்க இடம். இரண்டு 'சி', இரண்டு 'எம்' எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு.

இனி, கோடு விழுந்த அந்தப் பெயர். தமிழ்நாட்டில் லக்ஷ்மிக்கு கே-எஸ்-எச் போடுகிறவர்கள் அதிகம். இங்கே லெட்சுமி என்று டி-சி-எச் போட்டு எழுதும் குடும்பங்கள் நிறைய. அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, அதுதான் உன் பெயருக்குச் சரியான எழுத்து. கணினி காட்டும் மாற்றை அவசரத்தில் அழுத்திவிட்டால், கடிதத்தில் ஒருத்தி, சான்றிதழில் இன்னொருத்தி என்றாகிவிடும்.

"கடைசி வாக்கியத்திலிருந்து மேலே போ. ஒவ்வொரு சொல்லிலும் விரலை வை" என்றேன். மூன்று பிழைகளை அவளே பிடித்தாள். பிறகு தன் பெயரின் மேல் அழுத்தி, 'அகராதியில் சேர்' என்பதைத் தட்டினாள். கோடு மறைந்தது.

அடுத்த வாரம்: 'கலர்' என்ற சொல்லில் அமெரிக்கர்கள் 'யு'வை ஏன் விட்டார்கள்?

(தொடரும்)