செர்ரிக்கு வலை, முந்திரிக்கு முசுறு

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி பூக்கும் பருவத்தில் விவசாயியின் கண் முதலில் கொழுந்தின் மேல்தான் விழும். கொழுந்திலும் பூக்காம்பிலும் கருஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் தேயிலைக்கொசு வந்துவிட்டது என்று அர்த்தம். பெயரில்தான் கொசு. உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. ஊசிபோன்ற வாயால் குத்தும்போது அதன் எச்சில் இறங்கி, குத்திய இடம் கருகும். தாக்குதல் கடுமையானால் பூங்கொத்து முழுவதும் காய்ந்து, பிஞ்சும் கொட்டிப்போகும்.

கொழுந்து விடும்போது, பூக்கும்போது, பிஞ்சு பிடிக்கும்போது என மூன்று முறை மருந்தடிப்பது வழக்கமான பரிந்துரை. மானாவாரி முந்திரியை இயற்கை முறைக்கு மாற்றுவதில் பெரிய சிக்கலே இந்த மூன்று தெளிப்புதான். அதற்காக மருந்தையே நம்பியிருக்க முடியாது. காசர்கோட்டில் இதே பூச்சிக்காக முந்திரித் தோட்டங்கள்மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அந்த நஞ்சால் அங்குள்ள கிராமங்கள் பட்ட பாட்டை நாடறியும். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கே தடை விதித்தது.

ஐரோப்பாவின் செர்ரி விவசாயிகளுக்கும் இப்படியொரு நெருக்கடி வந்தது. 2008-இல் கிழக்காசியாவின் சுசுகி பழ ஈ இத்தாலியிலும் ஸ்பெயினிலும் தென்பட்டது. இதே பேரினத்தின் மற்ற ஈக்கள் பெரும்பாலும் அழுகும் பழத்தைத் தேடும். இதன் பெண் ஈயோ, ரம்பம்போன்ற முட்டையிடும் உறுப்பால் மரத்தில் கனியும் பழத்தையே அறுத்து முட்டை வைக்கும். இந்த ஈக்கு எதிராக அடித்துவந்த டைமெத்தோயேட் மருந்தை 2016-இல் பிரான்ஸ் செர்ரிக்குத் தடை செய்தது. ரசாயன மருந்தைத் தொடாத இயற்கை விவசாயிகள் பலர் தோப்பையே நுண்வலையால் மூடுகிறார்கள். செலவு அதிகம், நல்ல விலை கிடைப்பதால் தாங்குகிறார்கள்.

படர்ந்து கிடக்கும் முந்திரிக்காட்டை வலையால் மூட முடியாது. நமக்கு வேறு துணை இருக்கிறது: இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு. வட ஆஸ்திரேலிய முந்திரித் தோட்டங்களில் முசுறு நிறைந்த மரங்களில் தேயிலைக்கொசு இனப் பூச்சிகளின் சேதம் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மாம்பழம் பறிப்பவருக்கு முசுறுக்கடி பெரும் தொல்லை. முந்திரியில் பெரும்பாலும் கீழே விழுந்ததைத்தான் பொறுக்குகிறோம் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வெவ்வேறு கூட்டத்து முசுறுகளைப் பக்கத்துப் பக்கத்து மரங்களில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும்.

இதை ஒரு விவசாயி தனியாகச் செய்து கரையேற முடியாது. பக்கத்துத் தோப்பிலிருந்தும், ஏன், வேப்பமரத்திலிருந்தும்கூடத் தேயிலைக்கொசு வரும். பக்கத்துத் தோப்பில் அடிக்கும் மருந்து இங்குள்ள எறும்பைக் கொல்லும். காலமும் ஒரு தடை: மரப்பயிருக்கு இயற்கை விளைச்சல் என்ற அங்ககச் சான்று பெற ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை விளைச்சல் குறைந்தாலும் சாதாரண விலைதான். தமிழக அரசு 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக அரசு இந்த 3 ஆண்டு இழப்பை ஊர் ஊராக ஈடுகட்டி, விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் விவசாயிகளின் தோப்பிலேயே முசுறு வளர்த்துக் காட்டினால், ஆண்டிமடத்து முந்திரிக்காரர்கள் துணிந்து இறங்குவார்கள்.