ஈழத்தலரி: காவிரிப் படுகையில் வீட்டுச் செடியாக வளர்த்தல்

ஈழத்தலரி என்பது அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த, கோடையில் பூக்கும் இலையுதிர் செடியாகும். வயதானால் சிறு மரமாகும். கள்ளிமந்தாரை என்றும் அழைப்பர். தாவரவியல் பெயர் புளூமேரியா ரூப்ரா. பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்லசு புளூமியே (1646–1704) நினைவாக இப்பேரினத்துக்குப் பெயரிடப்பட்டது. பெயரில் ஈழம் இருந்தாலும், இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும்.

இலையுதிர்வு
தை, மாசி மாதங்களில் இலைகள் உதிர்ந்து மொட்டைக் கிளைகளே நிற்கும். செடி பட்டுவிட்டது என்று கருதிப் பலர் வெட்டிவிடுகின்றனர். சிலர் பிழைக்கவைக்க நாள்தோறும் நீர் ஊற்றி வேரை அழுகவிடுகின்றனர். இரண்டும் தேவையற்றவை. கிளையின் தோலை நகத்தால் கீறிப் பார்க்கவும். பச்சை தெரிந்து பால் கசிந்தால் உயிர் உள்ளது. அழுத்தும்போது கிளை மெத்தென்று அமுங்கினால் அழுகல் எனக் கொள்ளலாம். இலையற்ற காலத்தில் தரையில் நிற்கும் செடிக்கு நீர் வேண்டியதில்லை.

மண்
கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பகுதிகளின் களிமண் நீரைப் பிடித்து வைக்கும். நெல்லுக்கு அது நன்மை, ஈழத்தலரிக்குக் கேடு. இங்கு இச்செடியை அழிப்பது சித்திரை வெயிலன்று, ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கும் நீரே. ஆகவே ஒன்றரை அடி உயர மேடு அமைத்து, செம்மண், ஆற்று மணல், மக்கிய சாணம் கலந்து நட வேண்டும். கூரைத் தண்ணீர் விழும் இடமும், அடுக்களைக் கழிவுநீர் ஓடும் இடமும் ஆகா. வல்லம் பகுதிச் செம்மண்ணில் நீர் வடிவதால் மேடு அவசியமில்லை.

நடவு
மாசி, பங்குனியில் ஓரடி நீளமுள்ள முற்றிய கிளையை வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒன்றிரண்டு வாரம் நிழலில் வைக்கவும். பின் 4 அங்குல ஆழத்தில் நட்டு, அசையாதபடி குச்சி கட்டவும். இலை விடும்வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். நாளில் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும்.

பராமரிப்பு
பூங்கொத்து கிளை நுனியில் தோன்றும். நுனியை வெட்டினால் அக்கிளை அந்தப் பருவத்தில் பூக்காமல் போகலாம். தேவையானால் மட்டுமே கத்தரிக்கவும். மழைக்காலத்தில் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிவது துரு நோய். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றினால் பரவல் குறையும்.

எச்சரிக்கை
பால் தோலில் அரிப்பைத் தரும். கண்ணில் பட்டால் உடனே நீரால் நன்கு கழுவி மருத்துவரைக் காண வேண்டும். குழந்தைகளைக் கிளை ஒடிக்க விடக்கூடாது.