கடல் கடந்த குடும்பமும் கைவசமுள்ள பத்திரமும்

அக்கரைப்பற்று, கல்முனை முதலிய கிழக்குக் கரை ஊர்களிலே, திருமணப் பேச்சு என்றால் முதலில் எழும் கேள்வி வீடு பற்றியதாகும். பெற்றோர் மகளுக்கென ஒரு வீட்டைச் சீதனமாக வழங்குவதும், மணமகன் அவ்வீட்டிற் சென்று குடிபுகுவதும் இப்பகுதியின் நெடுங்கால வழக்கம். தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே கைக்கொண்டுள்ள வழக்கம் இது. தாய்வழியாக எண்ணப்படும் குடி முறையும் இதனோடு இணைந்ததே. யார் யாருடைய குடும்பத்தவர், யார் எவ்வீட்டில் வாழ உரியவர் என்பதை ஊரறியும், உறவறியும். அதற்கெனச் சான்றுப் பத்திரம் ஒன்றை எவரும் கேட்பதில்லை.

கடல் கடந்த நாடுகளிலோ நிலைமை வேறு. அங்கே வதிவிட அனுமதி எவர் கையில் உள்ளதோ அவரே குடும்பத்தை அழைக்கத் தகுதியுடையவர். இந்த உண்மையைக் கிழக்குக் கரை மக்கள் மத்திய கிழக்கு நாடுகளில் நன்கு அறிந்திருக்கின்றனர். வளைகுடா நாடொன்றில் ‘இக்காமா’ எனப்படும் வதிவிட அனுமதி பெற்று உழைப்பவர், தம் மனைவி மக்களை அழைப்பதற்கு அவருடைய சம்பளமும் தொழிலும் அந்நாட்டு விதிகளுக்குப் பொருந்துதல் வேண்டும். வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லையென்றே கூறலாம். சுருங்கக் கூறின், அங்கே குடும்பத்தோடு வாழ்தல் என்பது அரசு மனம் வைத்து அளிக்கும் அனுமதி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் முறை இதற்கு மாறானது. ஒன்றியத்தைச் சேர்ந்த நாடொன்றின் குடிமகன் மற்றோர் உறுப்பு நாட்டிற் சென்று தொழில் செய்து வாழ்வானாயின், தன் மனைவி, பிள்ளைகள், தன்னைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரைத் தன்னுடன் வைத்திருப்பது அவனுடைய உரிமை. அக்குடும்பத்தினர் இலங்கைக் கடவுச்சீட்டு உடையவராயினும் அவ்வுரிமை குன்றுவதில்லை.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகளிற் புகலிடம் பெற்ற இலங்கைத் தமிழர் பலர், காலப்போக்கில் அந்நாடுகளின் குடியுரிமையைப் பெற்றனர். பின்னர், பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியையும் உறவினரின் அண்மையையும் நாடி, அவர்களிற் கணிசமானோர் பிரித்தானியாவிற் குடியேறினர். அவர்கள் அங்கே வாழ்ந்ததும், இலங்கையிலிருந்து துணைவரை அழைத்ததும் மேற்கூறிய ஐரோப்பிய உரிமையின் வலிமையினாலேயே.

அந்த உரிமையின் அடித்தளம் 2016 ஜூன் 23ஆம் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பினால் அசைந்தது. பிரித்தானியா 2020 ஜனவரி 31ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தினின்றும் விலகியது. எனினும், பழைய விதிகள் ஒரேயடியாக நீங்கிவிடவில்லை. இடைக்காலம் ஒன்று வகுக்கப்பட்டு, அது 2020 டிசம்பர் 31ஆம் திகதி இரவுடன் முடிவுற்றது. குடும்ப இணைவு பற்றிய வழக்குகளில் இன்றும் எல்லைக் கல்லாக நிற்பது அந்த நாளே.

அந்நாளுக்கு முன்னர் பிரித்தானியாவில் வாழ்ந்து வந்த ஐரோப்பியக் குடிமக்களுக்கென ஒரு குடியமர்வுத் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவருக்கு நிரந்தர நிலையும், அதற்குக் குறைவாக வாழ்ந்தவருக்கு முன்னிலை எனத்தக்க தற்காலிக நிலையும் வழங்கப்பட்டன. விண்ணப்பிக்கும் பொதுக் காலவெல்லை 2021 ஜூன் 30ஆம் திகதியோடு முடிந்தது. அதன் பின்னர் விண்ணப்பிப்போர், தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டுதல் வேண்டும்.

இத்திட்டத்தின் கீழ் நிலை பெற்றவர் இலங்கையிலுள்ள தம் குடும்பத்தினரை இன்றும் அழைக்கலாம். அதற்குரிய குடும்ப அனுமதிக்குக் கட்டணம் இல்லை. வருமான வரம்பும் இல்லை. ஆயினும், அந்த உறவு 2020 டிசம்பர் 31ஆம் திகதிக்கு முன்னரே ஏற்பட்டிருத்தல் வேண்டும். பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும், சில நிபந்தனைகளுடன், விலக்கு உண்டு. இவ்வாறு சென்று சேர்பவர், பிரித்தானியாவில் இறங்கிய மூன்று மாதங்களுக்குள் தமது நிலைக்கு விண்ணப்பித்தலும் அவசியம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். லண்டனில் வாழும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ் இளைஞர் இருவரைக் கருதுக. ஒருவர் 2020 டிசம்பரில் அக்கரைப்பற்றிலே மணமுடித்தார். மற்றவர் 2021 ஜனவரியில் மணமுடித்தார். இரண்டு திருமணங்களுக்கும் இடையே சில வாரங்களே கழிந்தன. முதலாமவரின் மனைவிக்கு ஐரோப்பிய வழி திறந்திருக்கிறது. இரண்டாமவரின் மனைவிக்கு அது மூடப்பட்டுவிட்டது. பெரியோர் முன்னரே பேசி நிச்சயம் செய்திருந்தனர் என்பதும் உதவாது. மணமாகாத துணைவர் என்று காட்டுவதாயின், பொதுவாக இரண்டாண்டுகள் ஒன்றாக வாழ்ந்தமைக்கோ அதற்கு நிகரான உறவுக்கோ சான்று கேட்கப்படும்.

அந்த இரண்டாம் மனைவி செல்லவேண்டிய வழி, பிரித்தானியக் குடிமக்களின் துணைவருக்குரிய பொது வழியாகும். கணவன் மனைவி இருவரும் 18 வயது நிரம்பியவராகவும், ஒருவரையொருவர் நேரிற் சந்தித்தவராகவும் இருத்தல் வேண்டும். அடிப்படை ஆங்கிலப் பேச்சுத் தேர்விலும் கசநோய்ப் பரிசோதனையிலும் தேறுதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அழைப்பவரின் ஆண்டு வருமானம் நோக்கப்படும். 2012இல் 18,600 பவுணாக விதிக்கப்பட்ட இவ்வரம்பு, 2024 ஏப்ரல் 11ஆம் திகதி முதல் 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. விசாக் கட்டணம் ஒரு புறமிருக்க, சுகாதார சேவைக்கென ஆண்டொன்றுக்கு 1,035 பவுண் என்னும் வீதமும் 2024இல் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும் பின் முதலிற் கிடைப்பது 33 மாதத் தற்காலிக அனுமதியே.

அக்கரைப்பற்றிலே மனைவிக்கு வயலும் வளவும் சீதன வீடும் இருக்கலாம். அவற்றின் பெறுமதி இந்தக் கணக்கிற் சேராது. அவற்றினின்றும் கிடைக்கும் வாடகை வருமானத்தையோ, அவற்றை விற்று வைப்பிலிட்ட பணத்தையோ மட்டுமே, உரிய சான்றுகளுடன், காட்டலாம். மனைவி இலங்கையில் ஆசிரியையாகப் பெறும் சம்பளமும், அவர் அங்கிருந்து விண்ணப்பிக்கும்போது கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

பெற்றோரின் நிலை இன்னும் கடினமானது. பொது வழியிலே 2012ஆம் ஆண்டு முதல், முதுமையினாலோ நோயினாலோ அன்றாடக் காரியங்களுக்கே பிறர் கையை எதிர்பார்ப்பவராகவும், அந்தப் பராமரிப்பைத் தாய்நாட்டிற் பெறவியலாதவராகவும் உள்ள பெற்றோரே அழைக்கப்படலாம். தனிமை ஒன்றே காரணமாயின் அனுமதி கிட்டாது. ஐரோப்பியத் திட்டத்தின் கீழோ, தம்மைச் சார்ந்து வாழும் பெற்றோரை அழைக்க இவ்வளவு கடுமையான விதி இல்லை. ஆகவே, பிள்ளை எந்தத் திட்டத்தின் கீழ் அந்நாட்டில் வாழ்கிறார் என்பதை ஊரிலுள்ள பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

இவ்விடத்தில் இலங்கைச் சட்டம் ஒன்றையும் நோக்குதல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு நிக்காஹ் செல்லாததாகிவிடாது. மார்க்கமும் ஊரும் அதனை ஏற்கும். இந்தத் துணிவினாலேயே சிலர் பதிவைத் தள்ளிப்போடுகின்றனர். கோயிலிலே தாலி கட்டியதோடு பதிவை மறந்துவிடுவோரும் உளர். ஆயின், தொலைவில் அமர்ந்து விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கு மணப்பந்தல் தெரியாது. பத்திரத்திலுள்ள திகதியே தெரியும். திருமணம் நடந்த நாளும் பதிவு நாளும் வேறுபடுமாயின், உண்மையான நாளை வேறு சான்றுகளால் நிறுவும் பாரம் விண்ணப்பதாரரையே சாரும்.

பெயர்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. தமிழிலே ‘முஹம்மது’ என ஒரே வகையாக எழுதப்படும் பெயர், ஆங்கிலத்திற் பல எழுத்துக் கூட்டல்களாக மாறுகிறது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு வகை, காவின் பதிவில் ஒரு வகை, கடவுச்சீட்டில் மற்றொரு வகை என அமையுமாயின், ஒருவரே மூவராகத் தோன்றுவார். தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் பிறிதோரிடத்தில் முழுமையாகவும் வருவதும் இவ்வாறே ஐயத்தை எழுப்பும். விண்ணப்பிக்கும் முன்னரே பத்திரங்களை ஒப்புநோக்கித் திருத்துதலும், தமிழ்ப் பத்திரங்களுக்கு முறையான ஆங்கில மொழிபெயர்ப்புப் பெறுதலும் இன்றியமையாதன.

அழைப்பவரின் நிலையையும் உறுதிசெய்தல் வேண்டும். பிரித்தானியாவில் முன்னர் வழங்கப்பட்ட வதிவிட அட்டைகள் 2024ஆம் ஆண்டின் முடிவோடு பெரும்பாலும் வழக்கொழிந்தன. வதிவிட நிலை இன்று இலத்திரனியற் பதிவாகவே பேணப்படுகிறது. அந்நிலை உள்ளவர் அதனை மற்றவருக்குக் காட்டுவதற்குரிய குறியீடு ஒன்றை இணையத்தின் மூலம் பெறலாம். மாப்பிள்ளைக்கு ‘லண்டன் விசா இருக்கிறது’ என்னும் தரகர் சொல்லோடு அமையாது, இந்தச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது பெண் வீட்டாரின் உரிமை. அன்றியும், பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை வழங்குவோர் அதற்குரிய சட்டத் தகுதியுடையவராயிருத்தல் வேண்டும். கட்டணமில்லாத ஐரோப்பியக் குடும்ப அனுமதிக்கு ‘அரசாங்கக் கட்டணம்’ என்று பணம் கேட்கும் முகவர் எவராயினும், அவரைவிட்டு விலகுதலே நன்று.

கிழக்குக் கரையிலே மகளுக்கு மணம் பேசுமுன் வளவின் உறுதியைப் பார்ப்பதும், அதன் எல்லைகளை அறிவதும் வழக்கம். மாப்பிள்ளை கடல் கடந்து வாழ்பவராயின், அவ்வுறுதியோடு மூன்று காரியங்களையும் பார்த்தல் வேண்டும். அவருடைய வதிவிட நிலை யாது, அது எந்நாளிலிருந்து தொடங்குகிறது, எவ்வழியால் மனைவியை அழைக்க இடமளிக்கிறது என்பனவே அவை. திருமணம் நிறைவேறிய அன்றே அதனைப் பதிவு செய்துகொள்ளல் நான்காவது காரியம். பதிவாளரின் முன்னிலையிற் செலவாகும் அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்த்தமையால், ஆண்டுக்கணக்கிற் பிரிந்து வாழ நேரிடும் குடும்பங்கள் உண்டு.