நடுங்கும் கைக்கு ஏற்ற பரிசு

மே மாதம் பிறந்துவிட்டால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று எங்கும் நம்மவர்கள் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். தம்பிக்குப் பேன்ட் துணி, மதினிக்குச் சேலை, குழந்தைகளுக்கு மிட்டாய் என்று பட்டியல் நீளும். வீட்டில் நெடுநாள் நோயாளி ஒருவர் இருந்தால்? ஒரு டின் சத்து மாவு, ஒரு டஜன் ஆப்பிள். அதோடு கடமை முடிந்தது.

நானும் அப்படி இருந்தவன்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் பெரியப்பா, டெலிபோன் வந்த பிறகும் கைப்படக் கடிதம் எழுதி வந்தவர். அவருடைய எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே வந்தது. “பெரியப்பா காகிதத்தை மிச்சம் பிடிக்கிறார்” என்று இங்கே நாங்கள் சிரித்தோம். அது பார்க்கின்சன் நோயின் அறிகுறி என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த முறை விலை உயர்ந்த சட்டை ஒன்று வாங்கிப் போனேன். பெரியம்மா தனியே அழைத்துச் சொன்னார்கள்: “சட்டை நல்லாத்தான் இருக்கு ராசா. பொத்தான் போட்டுவிட நான் பக்கத்துல இல்லேன்னா அவரு வாசலுக்குக்கூட வரமாட்டாரு.” விருந்தாளிகள் முன்னால் ஒருநாள் காப்பி சிந்திவிட்டதிலிருந்து, பிறர் எதிரில் காப்பி குடிப்பதையே அவர் நிறுத்தியிருந்தார்.

நோய் என்ன?

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதினார். அவர் பெயரே இதற்கு நிலைத்தது. நம்மவர்கள் நடுக்குவாதம் என்பார்கள். மூளையில் ‘டோபமின்’ என்ற பொருளை உண்டாக்கும் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அதனால் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும், குரல் தாழும். முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் மருந்தாலும் பயிற்சியாலும் பல ஆண்டுகள் நடமாட முடியும். ஆகவே, தம் வேலையைத் தாமே செய்துகொள்ள எது உதவுகிறதோ அதுவே இவர்களுக்கு நல்ல பரிசு.

என்ன வாங்கலாம்?

இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள கோப்பை வாங்கலாம். அதில் பாதியளவே ஊற்ற வேண்டும். பிடி தடித்த கரண்டி, பொத்தானுக்குப் பதில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த சட்டை, அதே மாதிரி வேட்டி, பின்பட்டை உள்ள செருப்பு ஆகியவை நல்லவை. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு ஒன்று இருந்தால் விழுகிற ஆபத்து குறையும். தரை விரிப்பு வேண்டாம், கால் தடுக்கும். அத்தர் பாட்டிலும் வேண்டாம். இந்த நோயில் பலருக்கு மோப்ப சக்தி குறைந்துவிடுகிறது.

சத்து மாவு டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு முக்கிய மருந்து லெவோடோபா. புரதம் மிகுந்த உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் சிலருக்கு இது சரியாக உடம்பில் சேர்வதில்லை. புரதத்தை நிறுத்திவிடக் கூடாது; எந்த நேரத்தில் கொடுப்பது என்று டாக்டரைக் கேட்க வேண்டும். மாத்திரை நேரம் தவறினால் உடல் விறைத்துப்போகும். ஆகையால் கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டியும், அலாரம் உள்ள கடிகாரமும் மாவு டின்னைவிட மேல்.

குமாஸ்தாவின் பரிசு

காசில்லாமல் கொடுக்கக்கூடிய பரிசும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சன் நோயால் வருவதும் அடங்கும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசு மருத்துவர்கள் சான்றளித்தால் சில சலுகைகளுக்கு வழி பிறக்கும். மனு எழுதுவதும் பாரம் பூர்த்தி செய்வதும் நமக்குக் கைவந்த வேலை. லீவில் இரண்டு நாளை அதற்கு ஒதுக்கி, பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வரலாம்.

எதை வாங்குவதற்கு முன்பும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எந்தெந்த வேலைக்குக் கை ஒத்துழைக்கவில்லை என்று கேளுங்கள். அந்தப் பதிலே உங்கள் பட்டியல்.

சென்ற முறை நான் கொண்டுபோனது கைப்பிடிக் கோப்பை ஒன்றுதான். பெரியப்பா திண்ணையில், தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து, என்னோடு காப்பி குடித்தார். குடித்து முடித்துக் கோப்பையை நீட்டினார்: “இன்னும் பாதி ஊத்தச் சொல்லு.”