கட்டுரையை எடுத்துப் போடுகிறோம். மூலம் எது என்று சொல்கிறோமா?

சுமார் 612 கிராம் வெள்ளியின் விலையைக் கணக்கிட்டு, "கையில் இவ்வளவு ரூபாய் இருந்தால் ஜகாத் கடமை" என்று ஹனஃபி மத்ஹபின்படி ஓர் ஆலிம் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி விலை ஏறும்போது தமது தளத்தில் தொகையைத் திருத்திவிடுகிறார். ஆனால் நன்மையை நாடி அதே கட்டுரையை எடுத்துப் போட்ட மற்ற தளங்களில் பழைய தொகை அப்படியே கிடக்கிறது. கூகுளில் தேடுபவருக்கு அந்தப் பழைய பக்கமே முதலில் வந்தால்? நிஸாபை எட்டாத ஓர் ஏழையை, எட்டிவிட்டார் என்று எண்ணி ஜகாத் பெறுவோர் பட்டியலிலிருந்து நீக்கிவிட இடமுண்டு.

ஒரே கட்டுரை பல முகவரிகளில் இருந்தால், தேடுபொறி அவற்றில் ஒன்றை மட்டும் மூலமாகக் கருதிக் காட்டும். எது மூலம் என்று அதற்குச் சொல்லவே 'கனானிக்கல்' இணைப்பு இருக்கிறது. கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009-இல் இதை ஏற்றுக்கொண்டன. பக்கத்தின் தலைப்பகுதி நிரலில், வாசகர் கண்ணில் படாத ஒரே ஒரு வரிதான் அது. ஹதீஸை யார் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரைத் தேடிப் பழகிய சமுதாயம் நாம். இந்த ஒரு வரியில் மட்டும் ஏனோ அலட்சியமாக இருக்கிறோம்.

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. வேர்ட்பிரஸ் தளத்தில் நாம் எதுவும் செய்யாமல் விட்டால், எடுத்துப் போட்ட கட்டுரையும் 'மூலம் நானே' என்று தன் முகவரியையே அறிவித்துவிடும். பிறருடைய உழைப்பை நம்முடையது என்று சொன்னதாகிவிடுகிறது, நாம் அறியாமலேயே. யோஸ்ட் போன்ற செருகுநிரல் இருந்தால், பதிவின் கீழே 'அட்வான்ஸ்டு' பகுதியில் கனானிக்கல் முகவரிக்கான கட்டம் இருக்கும். மூலக் கட்டுரையின் முழு முகவரியை அதில் இட வேண்டும். தளத்தின் முகப்பு முகவரியை இட்டால் பயனில்லை.

இது தேடுபொறிக்கு ஒரு குறிப்புதான், கட்டளை அல்ல. தலைப்பை மாற்றி, பத்திகளைச் சேர்த்திருந்தால் கூகுள் அதைப் பொருட்படுத்தாமல் போகலாம். அதனால்தான், மறுபதிவுகளைத் தேடலில் காட்டவே வேண்டாம் என்று சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' முறையைக் கூகுளே இப்போது பரிந்துரைக்கிறது. மொழிபெயர்ப்பின் கணக்கு வேறு. ஆங்கிலக் கட்டுரையின் தமிழாக்கம் நகல் ஆகாது. அதற்குக் கனானிக்கல் வேண்டாம், மூலத்தின் சுட்டியைக் கொடுத்தால் போதும்.

நிரலில் இருப்பது தேடுபொறிக்கு மட்டுமே தெரியும். நம் பக்கத்தைத் திறந்து படிக்கும் சகோதரிக்கு அது தெரியாது. எனவே எழுதியவரிடம் அனுமதி பெற்று, அவர் பெயர், எழுதிய தேதி, மூலச் சுட்டி மூன்றையும் கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே போட்டுவிட வேண்டும். ஜகாத் தொகை போல மாறக்கூடிய எண் இருந்தால், "இன்றைய தொகையை மூலத்தில் பார்க்கவும்" என்றொரு வரியும் சேர்த்து.