வேர் முடிச்சில் ஒரு விந்தை

பூக்கும் பருவத்து உளுந்துச் செடி ஒன்றை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்தெடுத்து நீரில் அலசிப் பார்த்தால், வேரெங்கும் சிறுசிறு முடிச்சுகள் திரண்டிருப்பதைக் காணலாம். நோயினால் விளைந்த வீக்கம் என்று அவற்றை எண்ணிவிடலாகாது; செடிக்கு உணவு சமைக்கும் மடைப்பள்ளிகள் அவையே.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனாக இருந்தும், அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால், எந்தத் தாவரமும் அதை நேரே கிரகித்துக்கொள்ள இயலாது. அந்தப் பிணைப்பை அவிழ்த்து உரமாக்குவதற்கு ரசாயன ஆலைகளில் 400 டிகிரி அளவு உஷ்ணமும் பிரம்மாண்டமான அழுத்தமும் வேண்டியிருக்க, இந்த வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா அதே காரியத்தை வயல் மண்ணின் சாதாரண வெப்பத்திலேயே சாதித்துவிடுகிறது. பயறுவகைச் செடிகள் காற்றின் நைட்ரஜனைப் பெறுவது இம்முடிச்சுகளின் வழியே என்று 1886-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ரீகல் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் ஹாலந்து தேசத்துப் பையெரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது பிராணவாயுவைப் பற்றிய சிக்கல்தான். நைட்ரஜனைப் பிளக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதி பிராணவாயு பட்டால் அழிந்துவிடும். அந்த நொதியை உண்டாக்கும் பாக்டீரியாவோ பிராணவாயு இல்லாமல் உழைக்க முடியாது. இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்ப்பதற்காகவே, நம் இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளைச் செடி முடிச்சுக்குள் உற்பத்தி செய்து, பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு தேவைக்கு மிகாமல் வழங்குகிறது. செடி சர்க்கரைச் சத்தை அளிக்க, பாக்டீரியா அம்மோனியாவை அளிக்கிறது.

வேளாண்மை விரிவாக்க மையங்களில் கிடைக்கும் ரைசோபியம் பொட்டலத்தில் இருப்பவை உயிருள்ள ஜீவன்கள் என்பதை மறந்து, யூரியா மூட்டையைப்போல் வெயிலில் போட்டுவைப்பவர்கள், பின்னர் பலனில்லை என்று குறைகூறுவதில் நியாயமில்லை. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதைமேல் படியப் புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பயிருக்கு ஏற்ற இனத்தைக் கேட்டு வாங்குவதும் அவசியம். சோயாவுக்கு உரியது கொண்டைக்கடலையில் முடிச்சிடாது.

பூக்கும் காலத்தில் ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் நடக்கவில்லை.